பாக்கு வியாபாரிக்குக் கயர் வைக்கலாமா?

சட்டியை நான் மூடியதை அவர் கண்டுவிட்டார்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. விறாந்தையில் மேசை போட்டு, வாழையிலை விரித்து அவருக்குச் சாப்பாடு கொடுத்து, இலையையும் எடுத்து எறிந்தாயிற்று. அவர் சாய்மனைக் கதிரையில் சரிந்ததை உறுதிப்படுத்திக்கொண்டுதான் குசினிக்குள் வந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டுக் குந்தி, மண்சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுக் குழைத்து, இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். வாசலில் நிழல் விழுந்தது.

"நெருப்புப்பெட்டி எங்கை கிடக்கு?"

என் கணவர். சுருட்டுப் பற்றவைக்க நெருப்புத் தேடி வந்திருக்கிறார். திருமணமாகிப் பதின்மூன்று வருடத்தில் அந்த மனிதர் குசினி வாசலில் நின்றதை அன்றுதான் நான் கண்டேன். பதறிப்போய் மூடியைத் தூக்கிச் சட்டியின் மேல் போட்டேன். கையிலும் சோறு, வாயிலும் சோறு. திருடித் தின்ற பூனைகூட அப்படி முழித்திருக்காது.

"என்னத்தை ஒளிக்கிறீர்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாத சட்டிக்கு என்னத்துக்கு மூடி?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பல்லெல்லாம் கறுப்பாக இருந்திருக்கும்.

ஒரு வாசகியின் கேள்வி

அவரை அந்த வாசலிலேயே கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறேன். கோபிக்க மாட்டார், பொறுமைசாலி.

இந்தத் தொடரில் இதுவரை என் ஆடுகளைப் பற்றி எழுதினேன். மடத்துவெளியில் எங்கள் வளவுக் கிணறு சவர்த்தண்ணியான கதையை எழுதினேன். எங்கள் தலைமை ஆசிரியரின் குடையைப் பற்றி ஒரு கிழமை முழுக்க எழுதினேன். போன கிழமை ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ஒரே ஒரு வரி: "ரீச்சர், உங்களுக்குக் கணவர் இருந்தாரா, இல்லையா?"

நியாயமான கேள்வி. எங்கள் ஒழுங்கையில் புதிதாகக் குடிவந்தவர்களும் அதையேதான் கேட்பார்கள்.

புங்குடுதீவுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆண்கள் மீசை அரும்பியதும் தெற்கே போய்விடுவார்கள். சிங்கள ஊர்களில் சுருட்டுக்கடை, சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை என்று எங்கள் ஆட்கள் இல்லாத சந்தி கிடையாது. கலியாணம் ஊரில், கடை அங்கே. பெண்சாதியும் ஊரில்தான். கோயிலில் கொடியேறினால் கணவன்மார் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். தீர்த்தம் முடிந்து மூன்றாம் நாள் ஏறிவிடுவார்கள். பிறகு தைப்பொங்கலுக்கு நாலு நாள்.

என்னவருக்கு அம்பாந்தோட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டினத்தில் சுருட்டுக்கடை. சுருட்டு, வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதிலும் பாக்குத்தான் அவருக்குப் பெரிய வியாபாரம். பதின்மூன்று வருடத்தையும் கூட்டிப் பார்த்தால், நாங்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது முழுதாக ஒரு வருடம் வராது. பிள்ளைகளும் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. அவர் என்னை "இஞ்சாரும்" என்பார், நான் அவரை "இஞ்சாருங்கோ" என்பேன். அதற்குமேல் பேசிப் பழக எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

ஆனால் அவரை எனக்குப் பிடிக்கும். இதை இவ்வளவு காலம் கழித்து அச்சில் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதிர்ந்து பேசமாட்டார். சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுவதிலும் ஓர் ஒழுங்கு இருக்கும். நான் பள்ளிக்கூடத்துக் கொப்பிகளைத் திருத்தும்போது விளக்கை என் பக்கம் தள்ளிவைப்பார். பஸ் ஏறப் போகிற அன்று படலைவரை திரும்பிப் பார்க்காமல் நடந்து, படலையைச் சாத்தும்போது மட்டும் ஒருதரம் பார்ப்பார். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் அடுத்த கொடியேற்றம்வரை காலம் தள்ளுவேன்.

வெறுங்கையோடு வந்தவர்

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்தில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளி இவரைத் தன் மா மூட்டைகளுக்குப் பின்னால் மூன்று நாள் ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை, பிறகு பஸ்ஸில் ஊர். இடுப்பில் யாரோ கொடுத்த சாரமும், அளவு சேராத சேட்டும், வெறுங்கையுமாக வந்து முற்றத்தில் நின்றார். முந்தியெல்லாம் வரும்போது இரண்டு கையும் நிறைந்திருக்கும்.

"இஞ்சாரும், ஒண்டும் கொண்டுவர ஏலாமல் போச்சு," என்றார்.

நான் அழுதேன். பிறகு என்ன செய்தேன் தெரியுமா? உளுந்து ஊறப்போட்டேன். வடை, பாயாசம், கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பச்சடி, அப்பளம், மோர்மிளகாய். வாழையிலை விரித்து, விறாந்தையில் மேசை போட்டு, பக்கத்தில் நின்று பரிமாறினேன்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. வடை தினமும் இல்லாவிட்டாலும் இலையும் மேசையும் மூன்று கறியும் தப்பாது. மாதக்கணக்கில் இது நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் பாதி, வந்த பின் பாதி என்று சமைத்தேன். எனக்கு அப்போது இது விசித்திரமாகத் தெரியவில்லை. அவர் வீட்டில் இருந்தால் அது திருவிழா, அல்லது பொங்கல். அவருக்கு வெறும் நாளில் என்ன சமைப்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அவருடன் எனக்கு வெறும் நாள் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அவர் சாப்பிட்ட பிறகு நான் குசினிக்குள் போய் என் சாப்பாட்டைச் சாப்பிடுவேன். அது வேறு சாப்பாடு. தனியாக இருக்கிற பெண்ணுக்கு எது சுகமோ அது. பெரும்பாலும் வளவில் வெட்டிய வாழைப்பொத்தி, வாழைப்பூ என்றும் சொல்வார்கள்.

நாக்கைப் பிடித்துக்கொள்ளும் சுவை

பொத்தியைப் பற்றிச் சொல்வதானால் கயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

புத்தகத்தில் அதற்குத் துவர்ப்பு என்று பெயர். அறுசுவையில் ஒன்று. வகுப்பில் துவர்ப்பு என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் முழிப்பார்கள். கயர் என்று வாயால் சொன்னால் போதும், முப்பது வாயும் ஒரே நேரத்தில் சுருங்கும்.

எனக்கு அந்தச் சுவையில் ஒரு தனிப் பிரியம். பாவம், அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. இனிக்க இனிக்கப் பேசினான் என்கிறோம். உறவு கசந்துபோனது என்கிறோம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது, காரசாரமாக வாதாடினார்கள், உப்புச்சப்பில்லாத கதை என்றெல்லாம் சொல்கிறோம். கயருக்கு மட்டும் பேச்சில் ஒரு மூலையும் ஒதுக்கவில்லை. அது ருசியா, தொடுகையா என்பதே எனக்கு இன்னும் தெரியாது. இனிப்பு வந்த வழியே போய்விடும். காரம் ஒரு மிடறு தண்ணீரில் அடங்கும். கயர் நாக்கைப் பிடித்து, கன்னங்களை உள்ளே இழுத்து, கொஞ்ச நேரம் பேசவிடாமல் வைத்திருக்கும்.

நாவல்பழத்தில் இருக்கும். மாதுளந்தோலில், கொய்யாப் பிஞ்சில் இருக்கும். வாழைக் கயர் சட்டையில் பட்டால் சட்டை கிழியும்வரை கறை போகாது. எங்கள் கரையோரத்தில் நூல்வலைகளைப் பட்டை அவித்த தண்ணீரில் தோய்ப்பார்கள். அந்தக் கயர் ஊறினால் வலை கெதியில் இற்றுப்போகாது. பிறகு பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனியில்லாமல் வெறும் சாயத்தண்ணி குடித்த யாழ்ப்பாணத்தாருக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கமே வேண்டாம். அந்த நாட்களில் கயர் என்றால் தேத்தண்ணி என்று அகராதியில் எழுதியிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்போம்.

வாழைப்பொத்தியை அரிந்தால் கை கறுத்துவிடும். பொடியாக அரிந்து, உப்புப் போட்டுப் பிசைந்து, பிழிந்தால் கறுப்புத் தண்ணீர் இறங்கும். இதை ஒரு தண்ணி என்போம். ஐந்து தண்ணி பிழிந்தால் பொத்தி வெள்ளைப் பிள்ளையாகிவிடும், கயரும் இருக்காது, ருசியும் இருக்காது. எனக்கு ஒரே தண்ணிதான். அதன்பிறகு துருவிய தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு ஈரம் வற்ற வதக்கினால் வறை.

இதை ஏன் அவருக்கு வைக்கவில்லை? மாமி இட்ட சட்டம். என் மாமி, அதாவது அவருடைய தாய், நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போன முதல் கிழமையே சொல்லிவிட்டார்.

"பிள்ளை, பாக்கு யாவாரிக்குக் கயர் வையாதை. அவங்கள் விடியத் துவங்கி இருட்டும்வரை பாக்கு மெண்டு கயர் திண்டவங்கள். வீட்டை வந்தால் வாய்க்கு இதமாய் இனிப்பாய் வைக்கவேணும்."

கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். மாமி இறந்து பல வருடமாகியும் நான் அந்தச் சட்டத்தை மீறவில்லை. வாழைக்காய்கூட அவருக்குப் பொரியல்தான், அதுவும் மோரில் ஊறவைத்து.

பேக்கரி முதலாளியின் கடிதம்

கார்த்திகை மாதம் ஒரு கடிதம் வந்தது. அந்தப் பேக்கரி முதலாளி தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தமிழில் எழுதுவித்திருந்தார். கடையின் சுவர் நிற்கிறது, கூரை போட நானும் உதவுவேன், உங்கள் இடத்தை வேறு ஒருவருக்கும் விடவில்லை, தை மாதம் வாருங்கள். கடைசியில் எனக்கும் சுகம் விசாரித்திருந்தார். நல்ல மனிதர். அந்தக் கடிதத்தை நான் வெறுத்தேன்.

என்னவர் அதை மடித்துச் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். சேட் மாற்றினாலும் கடிதம் புதுச் சேட்டுக்கு மாறும்.

"பொங்கல் முடியப் போவமெண்டு நினைக்கிறன்," என்றார் ஒரு நாள், பாயாசத்தைத் தொடாமலே.

"ஓம்," என்றேன்.

வேறு என்ன சொல்வது? எங்கள் ஊரில் வியாபாரத்துக்குப் போகிறவரைப் பெண்சாதி மறிக்கக்கூடாது. போகவேண்டாம் என்ற சொல் வாயில் வந்தால் அது சகுனத் தடை, கடைக்கு ஆகாது. எத்தனை தலைமுறைப் பெண்கள் இந்தச் சொல்லை விழுங்கியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் விழுங்கினேன். ஆனால் உள்ளே கிடந்து குமைந்தேன். முதல் முறை மா மூட்டை காப்பாற்றியது. இரண்டாம் முறை எரிந்தால்? அதைவிட்டாலும், வாழ்க்கையில் முதன்முறையாக என் வீட்டில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் இருமும் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

அவரைப் பிடித்துவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன். இன்னும் நன்றாகச் சமைத்தேன். பாயாசத்தில் முந்திரிவற்றல் கூடியது. கறி மூன்று ஐந்தாகியது. அவரோ நாளுக்கு நாள் மெலிந்தார். இலையில் பாதி மிஞ்சியது. கடையை நினைத்து உருகுகிறார் என்று நான் நினைத்தேன்.

பக்கத்து வளவுப் பரமேசு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எடியேய், விருந்தும் மருந்தும் மூண்டு நாளடி. நீ மூண்டு மாசமாய் வடை சுடுறாய். என்ன, கோயில் மடமே நடத்துறாய்?" அவருடைய கணவருக்கும் தெற்கில் கடை. அது எரியவில்லை. கலவரம் அடங்கி ஒரு மாதத்தில் அவர் திரும்பிப் போய்விட்டார். பரமேசு அக்கா ஒழுங்கை முடக்குவரை பார்த்துக்கொண்டு நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

மூடி திறந்தது

சரி, அவர் இன்னும் குசினி வாசலில் நிற்கிறார்.

"எடும் மூடியை," என்றார்.

எடுத்தேன். கருகருவென்று பொத்தி வறையும் சோறும். அவர் குனிந்து பார்த்தார். முகத்தில் கோபம் வந்தது. அவருடைய கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை, அதனால் முதலில் அடையாளம் தெரியவில்லை.

"எத்தினை நாளாய் நடக்குது இது?"

"எது?"

"எனக்கு ஒரு சமையல், உமக்கு ஒரு சமையல்."

"எப்பவும் அப்பிடித்தானே…"

"எப்பவுமோ? பதின்மூண்டு வருசமாயோ?" மூடியை என் கையிலிருந்து வாங்கி நிலத்தில் வைத்தார். "இஞ்சாரும், இது என்ரை வீடோ, நான் தங்கவந்த மடமோ? இலை போடுறீர், பக்கத்திலை நிண்டு விசிறியாலை விசுக்கிறீர். ஒரு நாள் எண்டாலும் எனக்கு முன்னாலை இருந்து சாப்பிட்டிருக்கிறீரோ? விருந்தாளி எப்ப வெளிக்கிடுவான் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறீராக்கும் எண்டு நான் நினைச்சன். அதுதான் அந்தக் கடிதத்தைப் பொக்கற்றிலை வைச்சுக்கொண்டு திரியிறன்."

நான் அவரைப் பிடித்துவைக்கச் சுட்ட வடையெல்லாம் அவருக்குப் போகச் சொல்லும் வடையாகப் பட்டிருக்கிறது.

"இது கயரப்பா," என்றேன். "மாமி சொன்னவ, பாக்கு யாவாரிக்குக் கயர் வைக்கக்கூடாதெண்டு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெறும் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்தார். சட்டிக்குள் கையை விட்டு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கன்னம் இரண்டும் உள்ளே போயின. கண்ணை மூடி, கடையில் புதுப் பாக்கு வந்தால் எப்படி ருசி பார்ப்பாரோ அப்படி நாக்கால் அண்ணத்தைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு தண்ணி பிழிஞ்சனீரோ?"

"ஓம்."

"காணும். இதுக்குமேலை பிழிஞ்சால் வைக்கோல்." இன்னொரு கவளம் எடுத்தார். "பாக்கு யாவாரி பாக்கு விழுங்கிறேல்லை. கடிச்சுப் பார்த்துத் துப்பிப்போடுவான். உது கூடத் தெரியாமல் அம்மா சட்டம் போட்டவவாம், ரீச்சர் அதை வேதமாய் வைச்சுக்கொண்டு இருந்தவவாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அன்று அந்தச் சட்டியை இருவரும் காலிசெய்தோம். பிறகு பல்லைக் காட்டச் சொல்லி ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாற்பதை நெருங்கிய இரண்டு பேர், கறுத்த பல்லோடு, அடுப்படியில்.

அன்றிலிருந்து விறாந்தை மேசை சுவரோடு போனது. அவர் குசினியில் என்னோடு இருந்துதான் சாப்பிட்டார். உடம்பும் தேறியது. ஆனால் கடிதம் பொக்கற்றிலேயே இருந்தது. பொங்கல் கழிந்த மறுகிழமைக்கு ரயில் ரிக்கெற் எடுத்துவிட்டார். "சுவர் நிக்குதாம், அந்த மனிசன் கூரை போட ஆளும் பிடிச்சிட்டுதாம். உயிரைக் காப்பாத்தின மனிசன் கூப்பிட, வரேல்லை எண்டு என்னெண்டு எழுதுறது?" என்றார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் அவ்வளவு தூரம் வந்தும் அந்த ஒரு சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் கடைக்கு ஆகாதே. பயம் பதின்மூன்று வருடப் பயம், ஒரு சட்டிப் பொத்தியில் போய்விடுமா?

பயணத்தன்று

நாட்டு வைத்தியம் பார்க்கும் எங்கள் பரியாரியார் கயர்ச் சரக்குகளைக் கட்டும் சரக்கு என்பார். கடுக்காய், மாதுளந்தோல், ஆவாரம்பட்டை எல்லாம் அந்த இனம். வயிற்றோட்டத்தைக் கட்டும், பல்லில் வடியும் இரத்தத்தைக் கட்டும், ஆடுகிற பல்லையும் கொஞ்ச நாளைக்குக் கட்டும். எங்கள் பெண்கள் அந்தப் பட்டியலில் ஒன்றைக் கூட்டிக்கொண்டார்கள்: பயணத்தையும் கட்டும். அதனால் பயணம் போகிற அன்று காலையில் பொத்தியும் வாழைக்காயும் வீட்டில் அடுப்பேறாது. தயிர்ச்சோறு கொடுத்துத்தான் வழியனுப்புவோம். வெற்றிலையோடு சேர்ந்த பாக்குக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கு இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் ஊரைவிட்டுப் போயிருக்க முடியாது.

அன்று வெள்ளாப்பிலேயே எழுந்து கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்குள் போனேன்.

முற்றத்தில் இருந்து பொத்தியை அரிந்துகொண்டிருக்கும்போது பரமேசு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். தன் கணவரிடம் கொடுத்துவிடச் சொல்லி ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்திருந்தார். என் கையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உனக்கென்ன விசரோடி? மனிசன் பயணம் போற நாளிலை பொத்தி அரியிறாய்!"

"தெரிஞ்சுதான் அக்கா அரியிறன்."

அவர் ஊறுகாய்ப் போத்தலைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"எனக்கு இந்தப் புத்தி வரேல்லைப் பார்," என்று சொல்லிவிட்டு, போத்தலோடு திரும்பிப் போய்விட்டார்.

என்னவர் குளித்து, புதுச் சேட் போட்டு, குசினிக்கு வந்து பலகையில் இருந்தார். ரங்குப்பெட்டி விறாந்தையில் தயாராக நின்றது. சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன் வைத்தேன். வெள்ளைச் சோறு. பொத்தி வறை. வேறொன்றும் இல்லை. அன்று ஒரு தண்ணிகூடப் பிழியவில்லை.

அவர் கோப்பையைப் பார்த்தார். புங்குடுதீவில் பிறந்தவர், பயணத்தன்று பொத்தி வைத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பிறகு என்னைப் பார்த்தார். படலையைச் சாத்தும்போது பார்க்கிற அதே மனிதர், ஆனால் இந்த முறை கண்ணை எடுக்கவில்லை. கடைக்குத் தோஷம் வந்தால் வரட்டும், என்மேல் கோபம் வந்தால் வரட்டும் என்று அப்படியே நின்றேன்.

"இதை வாயாலை சொல்லியிருக்கலாமே," என்றார்.

"சொல்லக்கூடாதெண்டு…"

"சொல்லக்கூடாது, சமைக்கலாமாக்கும்."

பிசைந்து ஒரு வாய் வைத்தார். பிழியாத பொத்தி, கேட்க வேண்டுமா? முகம் முழுக்கச் சுருங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்குப்பேணியில் தண்ணீர் நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டாம் வாய் வைத்தார். மூன்றாம் வாயும் வைத்தார். சந்தியில் ரயிலடிக்குப் போகிற பஸ் வந்து நின்று கோர்ன் அடித்தது. அந்தச் சாரதிக்கு இவர் போகிற நாள் தெரியும், அதனால் இன்னொருதரமும் அடித்தான். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு பஸ் புறப்பட்டு, மதகடியில் ஏறி, சத்தம் தேய்ந்து போயிற்று.

"அந்த மனிசனுக்கு ஒரு நல்ல கடிதமாய் எழுதவேணும்," என்றார். "நீர்தான் எழுதித் தரவேணும். எனக்கு அப்பிடி எழுத வராது."

தலையை ஆட்டினேன்.

அவர் சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். திரும்பி வந்திருந்து, சட்டியைத் தன் பக்கம் இழுத்து, எனக்கும் ஒரு கோப்பையில் போட்டு வைத்தார்.

"இரும், சாப்பிடும் கெதியாய். பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுதெல்லோ."